ஒரு பல்ப் எரிகிறது, பக்கத்தில் உள்ளது எரியவில்லை: 7ஆம் வகுப்புக்கு மின்சுற்று சொல்லித்தருவதில் சிக்கல்

சயாமா_ரங்கூன் கேட்டது:

வணக்கம். ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் சயாமா (ஆசிரியை) நான். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 24 பிள்ளைகள். மின்சாரப் பாடத்தைக் கையால் செய்து பார்த்துப் படிக்கட்டும் என்று மூன்று பேருக்கு ஒன்று வீதம், சுற்றை மாட்டிப் பார்க்க 8 அட்டை செய்து வைத்திருக்கிறேன். கோயில் மண்டபத்தில் எந்த நேரம் கரண்ட் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லாமே டார்ச் கட்டையில்தான் (டார்ச்சில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி).

நான்கு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

4 கட்டையை வரிசையாக வைத்து, இரண்டு சின்ன ஸ்க்ரூ பல்பைத் தொடர் இணைப்பில் (ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வழியில்) கொடுத்தேன். கட்டையின் கூட்டல் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் பல்ப் நன்றாக எரிகிறது. அடுத்தது எரியவே இல்லை. அதைத் தனியாக 2 கட்டையில் வைத்தால் எரிகிறது, பழுது இல்லை. பிள்ளைகள் உடனே "முதல் பல்ப் கரண்டையெல்லாம் குடிச்சிருச்சு, அடுத்ததுக்கு மிச்சம் இல்ல" என்றார்கள். அது தவறு என்று தெரியும். ஆனால் கண் முன்னால் இருப்பது அவர்கள் சொல்கிறபடியே அல்லவா இருக்கிறது?

இரண்டாவது, எல்இடி. ஒரு கட்டையில் எரியவில்லை. 9 வோல்ட் பேட்டரியில் ஒரு முறை மின்னிச் செத்துவிட்டது.

மூன்றாவது, மல்டிமீட்டர். மின்னோட்டம் அளக்கப்போனதிலிருந்து எதை வைத்தாலும் 0 காட்டுகிறது. வோல்ட் மட்டும் சரியாகக் காட்டுகிறது.

நான்காவது, கட்டை வாங்கும் செலவு எதற்கு, கரண்ட் போகும்போது வீட்டில் வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டுவருகிறோம் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். சரி சொல்லலாமா?

சிரியம்_வயர்மேன்:

சயாமா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். காரணத்தைக் கீழே யாராவது எழுதாவிட்டால் நானே எழுதுகிறேன்.

பல்ப் விஷயத்தில், இரண்டும் ஒரே அளவுதானா என்று பாருங்கள். திருகும் கழுத்தில் பொடி எழுத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் குத்தியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கடையில் ஒரே டப்பாவில் நாலு வகை கலந்து கிடக்கும், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

அதைப் படிப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இரண்டு பல்பையும் இடம் மாற்றி மாட்டுங்கள். வயர் அப்படியே இருக்கட்டும், பல்ப் மட்டும் மாறட்டும். பிள்ளைகள் சொல்வது சரியென்றால் இப்போது முதல் இடத்துக்கு வந்த பல்புதான் எரிய வேண்டும். மாட்டுவதற்கு முன் எது எரியும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். வாயால் சொல்ல விட்டால், முதலில் பேசுகிற பிள்ளை சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

மாற்றும்போது கட்டையின் ஒரு வயரைக் கழற்றிவிடுங்கள். எரிகிற பல்பின் ஹோல்டரில் இரண்டு முனையையும் வயர் தவறிச் சேர்த்துவிட்டால், 6 வோல்ட்டும் மற்ற பல்ப் மேல் விழும். அது 2.5 வோல்ட் வகையாக இருந்தால் ஒரு பளிச்சோடு இழை அறுந்துவிடும்.

சயாமா_ரங்கூன்:

மாற்றிப் பார்த்தாயிற்று அண்ணே. அதே பல்புதான் எரிகிறது, இப்போது இரண்டாவது இடத்தில்! 24 பேரில் 19 பேர் மற்ற பல்புதான் எரியும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை கட்டையையும் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதே பல்ப்.

கழுத்தில் படித்தது: எரிகிறதில் 6.3 வோல்ட் 0.15 ஆம்பியர். எரியாததில் 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர்.

மோல்மேன்_இயற்பியல்:

அந்த இரண்டு எண்ணிலேயே விடை இருக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் எரியும் நிலையில் பல்பின் தடை கிடைக்கும். 6.3 ÷ 0.15 = 42 ஓம். 2.5 ÷ 0.3 = 8 ஓமுக்குக் கொஞ்சம் மேல். தொடர் இணைப்பில் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். சின்ன பல்புக்கு முழு வெளிச்சம் வர 0.3 ஆம்பியர் வேண்டும். ஆனால் 42 ஓம் பல்ப் அதே வழியில் உட்கார்ந்திருக்கிறது, 6 வோல்ட்டில் அது 0.15ஐத் தாண்ட விடாது. ஆக 6.3 வோல்ட் பல்புக்கு ஏறக்குறையத் தேவையான அளவு ஓட்டம், 2.5 வோல்ட் பல்புக்குப் பாதிகூட இல்லை. மின்னழுத்தமும் அப்படித்தான் பிரியும். 5 வோல்ட்டுக்கு மேல் 42 ஓம் பல்பில், மிச்சம் 1 வோல்ட்டுக்கும் குறைவாகச் சின்னதில்.

எரியவில்லை என்கிற பல்பிலும் ஓட்டம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். ஜன்னலை மூடி, பிரகாசமான பல்பை ஒரு தாளால் மறைத்துவிட்டு, சின்ன பல்பின் இழையை உள்ளங்கையைக் குவித்து உற்றுப் பாருங்கள். கட்டை புதிதாக இருந்தால் மயிரிழை போல மங்கிய சிவப்பு தெரியக்கூடும். அது தெரியாவிட்டாலும் இன்னொரு வழி உண்டு. எரியாத அந்தப் பல்பைத் திருகிக் கழற்றினால் எரிகிற பல்ப் அணைந்துவிடும்.

"குடிச்சிருச்சு" என்ற எண்ணத்தைக் கயிற்றால் மாற்றலாம். 8 மீட்டர் நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டு வளையமாக்கி, 10 பிள்ளைகள் வட்டமாக நின்று ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாக வைத்து அதைத் தளர்வாகப் பிடிக்கட்டும். நீங்கள்தான் கட்டை. ஒரு கையால் இழுத்து மறு கையால் விட்டுக்கொண்டே இருங்கள். கயிறு எல்லார் கையிலும் ஒரே வேகத்தில் ஓடும். இப்போது ஒரு பிள்ளை லேசாக இறுக்கிப் பிடிக்கட்டும். அவள் விரல் சூடாகும், அதுதான் பல்ப். கயிறு அவளுக்கு அப்புறம் மட்டும் மெதுவாகவில்லை, அவளுக்கு முன்னாலும் மெதுவாகிறது, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில். அவள் விரலில் சூடு பிறந்தது, ஆனால் கயிற்றில் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. முடிச்சு விரலைக் கிழிக்காமல் இருக்க அதன்மேல் டேப் சுற்றுங்கள், வேகமாக இழுக்க வேண்டாம்.

சுவிட்ச் போட்டதும் தூரத்துப் பல்ப் எப்படி உடனே எரிகிறது என்ற கேள்விக்கும் இதே கயிறு போதும். வயருக்குள் எலக்ட்ரான் நகர்வது நத்தையைவிட மெதுவாக. அரை மில்லிமீட்டர் தடிமன் செம்புக் கம்பியில் 0.3 ஆம்பியர் ஓடினால் விநாடிக்கு 0.1 மில்லிமீட்டர் அளவுதான். 1 மீட்டர் கடக்க இரண்டரை மணி நேரம் ஆகும். கட்டையிலிருந்து புறப்பட்டது பல்பை அடைந்து எரிய வைக்கவில்லை. கயிறு முழுவதும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, இழுத்ததும் எல்லாம் சேர்ந்து நகர்கிறது.

சிரியம்_வயர்மேன்:

கயிறு நல்ல யோசனை. ஆனால் சயாமா, பாடத்தைக் கலப்பு பல்பில் தொடங்காதீர்கள். முதலில் 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் ஒரே வகையில் 16 பல்ப், உடைவதற்கு 6 கூடுதலாக. அட்டைக்கு 2 பல்ப், 2 ஹோல்டர், 2 கட்டை. இந்த ஜோடியில் தொடர் இணைப்பில் இரண்டும் சமமாக மங்கும், பக்க இணைப்பில் (ஒவ்வொரு பல்பும் தனித்தனியாக நேரே கட்டையோடு) இரண்டும் முழுசாக எரியும். கலப்பு ஜோடி இரண்டாவது வாரத்துப் புதிராக இருக்கட்டும்.

பக்க இணைப்பில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று. மலிவான சின்னக் கட்டையில் முதல் பல்ப் பிரகாசமாக எரியும். இரண்டாவதைப் பக்க இணைப்பில் சேர்த்ததும் இரண்டுமே கொஞ்சம் மங்கும். பிள்ளைகள் "பாதி பாதியாப் பிரிச்சிக்கிச்சு" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் கட்டையிலிருந்து எடுக்கும் ஓட்டம் 0.6 ஆகிவிட்டது. கட்டைக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது, அதில் அழுத்தம் விழுந்து வெளியே வருவது குறைகிறது. பெரிய டார்ச்சில் போடும் தடித்த கட்டையோ ஆல்கலைன் கட்டையோ போட்டால் இந்த மங்கல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒரு பாடத்துக்காவது நல்ல கட்டை வாங்குங்கள்.

கட்டையைச் சோதிப்பதும் அப்படியே. சும்மா மீட்டர் வைத்தால் பழைய கட்டைகூட 1.4 காட்டும். பல்பை மாட்டி எரியவிட்டு அளந்தால்தான் 0.9க்கு இறங்குவது தெரியும். பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். மூன்று கட்டையில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் 4.5 வராது, 1.5தான் வரும். இதையும் ஒரு கணக்காகக் கொடுக்கலாம்.

மற்றபடி வகுப்பில் "எரியல சயாமா" என்று கை தூக்கினால் அநேகமாக இவைதான் காரணம். சுவிட்சுக்கு வைத்த கலர் பேப்பர் கிளிப்பின் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், முனையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் அல்லது வெள்ளிநிற வெறும் கிளிப் வாங்க வேண்டும். சிகரெட் பெட்டித் தாளின் ஒரு பக்கம்தான் உலோகம். மோட்டார் சுற்றும் செம்புக் கம்பியில் கண்ணுக்குத் தெரியாத அரக்குப் பூச்சு உண்டு, அதையும் சுரண்ட வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கிற மழைக்காலத்தில் டிராயிங் பின் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும், தொடும் இடத்தைத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஹோல்டர் இல்லாமல் வயரைக் கையால் பிடிக்கும் பிள்ளைகள் இரண்டு வயரையும் பல்பின் அடிப்பொட்டிலேயே வைப்பார்கள். ஒன்று அடிப்பொட்டு, இன்னொன்று திருகுக் கழுத்து. இரண்டும் ஒரே இடத்தில் தொட்டால் அது குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்). பல்ப் எரியாது, கட்டை சூடாகும். கட்டை சூடாவதைக் கை உணர்ந்ததும் வயரை விட்டுவிட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கட்டைகளைச் சேர்த்துக் கட்ட பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்டைவிட அழுத்தமாகப் பிடிக்கும், கடத்தவும் கடத்தாது.

பழுது_மேசை:

எல்இடிக்கு வருகிறேன். சிவப்பு எல்இடி எரிய 2 வோல்ட் பக்கம் வேண்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம். 1.5இல் கதவே திறக்காது. ஆனால் திறந்த பிறகு பல்பைப் போல அது தானாக ஓட்டத்தைக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் 9 வோல்ட்டில் செத்தது. கூடவே ஒரு ரெசிஸ்டர் (ஓட்டத்தைக் குறைக்கும் தடை) எப்போதும் வேண்டும்.

2 கட்டையில் சிவப்பு எல்இடி: 3இல் 2 போக 1 வோல்ட் மிச்சம். 100 ஓம் போட்டால் 0.01 ஆம்பியர், அதாவது 10 மில்லி ஆம்பியர். வகுப்புக்குத் தாராளம். ரெசிஸ்டர் மேல் அதன் அளவைச் சொல்லும் நிறக்கோடு பழுப்பு, கறுப்பு, பழுப்பு. 9 வோல்ட்டில்: 7 வோல்ட் மிச்சம், 470 ஓம் போட்டால் 15 மில்லி ஆம்பியர். மஞ்சள், ஊதா, பழுப்பு. இந்தச் சின்ன எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியரைத் தாண்டவிடாதீர்கள். ரெசிஸ்டர் எல்இடிக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது முக்கியமில்லை. மேலே நீங்கள் பல்பை இடம் மாற்றிப் பார்த்ததே இதற்கும் பதில், பிள்ளைகளிடம் இதையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீளக் கால் கூட்டல். கால் வெட்டப்பட்டிருந்தால் விளிம்பைத் தடவுங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் கழித்தல். தலைகீழாக மாட்டினால் எரியாது, 3 வோல்ட்டில் கெடவும் கெடாது. திருப்பி மாட்டினால் எரியும்.

பொத்தான் பேட்டரியில் மட்டும் ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் உள்தடையே அதிகம், அது ரெசிஸ்டர் வேலையைச் செய்கிறது. ஆனால் அதை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். சின்னக் குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். வீட்டில் தம்பி தங்கை இருக்கும் பிள்ளையின் பையில் அது போகக் கூடாது.

மீட்டர்: உள்ளே ஃபியூஸ் போயிருக்கிறது. 200 மில்லி ஆம்பியர் வரம்பில் வைத்து 0.3 ஆம்பியர் பல்பை அளந்திருப்பீர்கள், அல்லது அதே வரம்பில் கம்பிகளை நேராகக் கட்டையில் வைத்திருப்பீர்கள். மின்னோட்டம் அளக்கும் நிலையில் மீட்டர் ஒரு வெறும் வயர் மாதிரி. அதைச் சுற்றை வெட்டி நடுவில் சேர்க்க வேண்டும், கட்டைக்குக் குறுக்கே வைத்தால் குறுக்குச் சுற்று. பின்மூடியைக் கழற்றி ஃபியூஸ் மேல் எழுதியிருக்கும் அதே அளவு வாங்கிப் போடுங்கள். சிகரெட் ஃபாயில் சுற்றிப் போடுகிறவர்கள் உண்டு, செய்யாதீர்கள், அடுத்த தவறில் மீட்டரே எரியும்.

இனி பல்புச் சுற்றை 10 ஆம்பியர் துளையில் சிவப்புக் கம்பியைக் குத்தி அளங்கள். பல்புக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. 0.29 வந்தால் இரண்டு பக்கமும் 0.29தான். அளந்து முடித்ததும் சிவப்புக் கம்பி வோல்ட் துளைக்குத் திரும்பியதா என்று நீங்களே பாருங்கள். கம்பியை 10 ஆம்பியர் துளையிலேயே மறந்துவிட்டு அடுத்த பிள்ளை கட்டையின் வோல்ட் பார்க்கப் போவதுதான் அதிகம் நடக்கும் விபத்து.

மோல்மேன்_இயற்பியல்:

12 வோல்ட் பேட்டரி பற்றி. வோல்ட் குறைவுதானே, தொட்டால் ஷாக் அடிக்காதே என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சின்னக் கட்டையைக் குறுக்கே சேர்த்தால் சில ஆம்பியர்தான் வரும், அதன் உள்தடை விடாது. வீட்டில் வைத்திருக்கும் அந்த 12 வோல்ட் ஈய அமில பேட்டரியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வரும். வகுப்பில் வைத்திருக்கும் மெல்லிய வயர் ஒரு விநாடியில் சிவந்து, உறை உருகித் தோலில் ஒட்டும். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் அருகில் பொறி விழுந்தால் பேட்டரி வெடித்து அமிலம் தெறிக்கும். வகுப்பில் எத்தனை கவனமாக இருந்தாலும் 24 பிள்ளைகளில் ஒருவராவது குறுக்குச் சுற்றுச் செய்யாமல் இருக்க மாட்டார்கள், செய்துதான் கற்பார்கள். அதைத் தாங்கும் கட்டையை மட்டும் கையில் கொடுங்கள்.

ரீசார்ஜ் டார்ச்சிலும் சின்ன ஃபேனிலும் வரும் லித்தியம் செல்லைப் பிரித்தெடுப்பதும் கூடாது. இன்வெர்ட்டர் பிளக்கில் வருவது 230 வோல்ட், அரசாங்க லைனில் வருவதைப் போலவே கொல்லும். லைன் கரண்ட் போயிருக்கிறது என்பதால் வீட்டில் எதையும் தொடலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

சயாமா_ரங்கூன்:

எல்லாருக்கும் நன்றி. ஒரே வகை பல்ப் வாங்கிவிட்டேன், மீட்டருக்கு ஃபியூஸ் போட்டாயிற்று, பல்புக்கு இரு பக்கமும் 0.28 காட்டியது. கயிற்றைப் பிள்ளைகள் விடவே இல்லை.

இன்னும் ஒன்று கேட்கிறேன். கட்டையை மிச்சப்படுத்த ஒரு அட்டையில் மட்டும் பழைய சார்ஜர் வயரை வெட்டி, பவர் பேங்கில் எல்இடியும் 470 ஓமும் மாட்டினேன். எரிகிறது. ஆனால் அரை நிமிடத்தில் தானே அணைந்துவிடுகிறது. வயர் இணைப்பெல்லாம் சரியாக இருக்கிறது.

பழுது_மேசை:

உங்கள் சுற்றில் பிழை இல்லை அக்கா. 5 வோல்ட்டில் 470 ஓம் என்றால் 6 மில்லி ஆம்பியர்தான் போகிறது. போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று நினைத்து பவர் பேங்க் தன்னை அணைத்துக்கொள்கிறது. பெரும்பாலானவை 50 முதல் 100 மில்லி ஆம்பியராவது எடுத்துக்கொண்டிருந்தால்தான் விழித்திருக்கும்.

வாங்கிய 2.5 வோல்ட் பல்பில் இரண்டைத் தொடர் இணைப்பில் போட்டு அதில் மாட்டுங்கள். ஆளுக்கு 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். பவர் பேங்க் அணையாது. தொடர் இணைப்பு என்றாலே மங்கும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கும் பிள்ளைகள் முன்னால் இரண்டு பல்பும் முழு வெளிச்சத்தில் எரியும். சிவப்பு வயர் கூட்டல், கறுப்பு கழித்தல். பச்சை, வெள்ளை வயர்களைத் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். உள்ளே இருப்பது லித்தியம் என்பதால் அந்த ஒரு அட்டை உங்கள் மேசையிலேயே, உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஒரு பல்பை மட்டும் அதில் மாட்டிவிடாதீர்கள், 5 வோல்ட்டில் கொஞ்ச நேரம் கண் கூசும்படி எரிந்துவிட்டு இழை போய்விடும்.